கன்ட்ரி இசை: தோற்றமும் தூய்மைவாதமும்

1

கலைவடிவமொன்றுக்கு இடப்பட்ட பெயர் சில வேளைகளில் அதன் வரலாற்றை விளக்குவதற்குப் பதிலாக மறைத்துவிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலே ‘கன்ட்ரி இசை’ என வழங்கும் இசைமரபு இதற்குத் தக்க உதாரணமாகும். அப்பெயரை ‘நாட்டுப்புற இசை’ என்றும் ‘நாட்டார் இசை’ என்றும் தமிழாக்குவோர் உளர். அவ்வாறு பெயர்த்ததும் பொருள் தெளிவாகிவிட்டதாக ஒரு மயக்கம் ஏற்படுகின்றது. நாட்டார் பாடல் என்றதும் ஆக்கியோன் பெயர் அறியப்படாத, வாய்மொழியாகப் பயின்றுவந்த, சந்தையை நோக்கி ஆக்கப்படாத பாடல்களே நம் மனத்தில் எழுகின்றன. கன்ட்ரி இசையோ 1920களிலிருந்தே இசைத்தட்டு நிறுவனங்களாலும் வானொலி நிலையங்களாலும் விற்கப்பட்டு வந்த ஒன்று. அதன் பாடகர்கள் பெயரும் புகழும் உடையவர்கள். அதன் பாடல்களுக்குப் பதிப்புரிமை உண்டு. அதன் பெயர்கூட வணிகர் இட்டதே. தொடக்கத்தில் ‘ஹில்பில்லி’ என இகழ்ச்சியாக வழங்கிய இவ்விசையை, ‘பில்போர்ட்’ என்னும் வணிகச் சஞ்சிகை 1949இல் தனது விற்பனை அட்டவணையில் ‘கன்ட்ரி அன்ட் வெஸ்டேர்ன்’ என மாற்றிற்று. 1962இல் ‘கன்ட்ரி’ என்ற ஒற்றைச் சொல் நிலைபெற்றது.

இவ்விசையைப் பற்றி இருவகை நோக்குகள் பெருவழக்காக உள்ளன. ஆங்கிலோ-சாக்ஸன் முன்னோர் மலைப்பகுதிகளிலே பேணிவைத்த தூய கிராமியச் செல்வமே கன்ட்ரி இசை என்பது ஒன்று. இதனைத் தூய்மைவாதம் எனலாம். முதலாளித்துவக் கலாசாரக் கைத்தொழில் உழைக்கும் மக்களை மயக்குவதற்கு ஆக்கிய பிற்போக்குப் பண்டமே அது என்பது மற்றொன்று. இது முற்போக்காளர் சிலரிடையே செல்வாக்குப் பெற்றது. முதலாவது நோக்கு வரலாற்றை மறுக்கின்றது. இரண்டாவது மக்களை மறுக்கின்றது. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஓர் இடத்திலே உடன்படுகின்றன. கிராமத்துக்கும் ஆலைக்கும், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும், வாய்மொழி மரபுக்கும் இசைத்தட்டுக்கும் இடையில் உழைப்பாளி மக்கள் நடத்திய நீண்ட ஊடாட்டத்தை இரண்டுமே காணத் தவறுகின்றன. அவ்வூடாட்டத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தூய்மைவாதத்தின் ஊற்றுக்களை முதலில் நோக்குதல் பொருத்தமாகும். ஆங்கிலேய நாட்டாரிசை ஆய்வாளரான செசில் ஷார்ப், தமது உதவியாளர் மோட் கார்ப்பிலிஸுடன் 1916ஆம் ஆண்டுக்கும் 1918ஆம் ஆண்டுக்கும் இடையில் அப்பலாச்சிய மலைப்பகுதிகளிலே நாற்பத்தாறு வாரங்கள் அலைந்து, ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட மெட்டுக்களைத் திரட்டினார். அவரது உழைப்பு பெரிது. இங்கிலாந்திலே மறைந்துகொண்டிருந்த கதைப்பாடல்கள் பல அங்கு உயிருடன் இருந்தமையை அவர் நிறுவினார். ஆயினும் அவர் தேடியது எதுவோ அதனையே கண்டார் என்பதும் உண்மை. கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட இங்கிலாந்தை அவர் அமெரிக்க மலைகளில் தேடினார். அம்மலைகளில் வாழ்ந்த கறுப்பினப் பாடகர்களையும், தேவாலயப் பாடல்களையும், அக்காலத்து நகரப் பாடல்களையும் பெரும்பாலும் புறக்கணித்தார். ஷார்ப் அங்கு சென்ற காலத்திலே மலைகளுக்குள் புகையிரதப் பாதைகள் புகுந்துவிட்டன. மரம் வெட்டும் கம்பனிகளும் நிலக்கரிக் கம்பனிகளும் நிலங்களை வாங்கிக்கொண்டிருந்தன. அவர் கேட்ட பாடகரிற் பலர் ஏற்கெனவே கூலி உழைப்பை அறிந்த குடும்பத்தினர். தொகுப்பிலே இவற்றின் சுவடு அரிது.

ஷார்ப்பின் தூய்மை நாட்டம் புலமை சார்ந்தது. ஹென்றி போர்டினது தூய்மை நாட்டமோ அரசியல் சார்ந்தது. 1920களின் நடுப்பகுதியில் இம் மோட்டார் உற்பத்தி முதலாளி தமது விற்பனை முகவர்கள் மூலம் பழைய பாணி வயலின் போட்டிகளை நடத்துவித்தார், பழைய நடனங்களுக்குப் புத்துயிர் ஊட்ட முனைந்தார். ஜாஸ் இசை யூதர்களின் சதி என்பது அவருடைய பத்திரிகை பரப்பிய விஷக் கருத்து. அதற்கு மாற்று மருந்தாகவே வெள்ளைக் கிராமியத்தின் இசை முன்வைக்கப்பட்டது. கிராமத்து இளைஞரை இலட்சக்கணக்கில் நகரத்துக்கு இழுத்த கைத்தொழிலின் அதிபதியே கிராமியத்தின் காவலராகவும் வேடம் பூண்டமை கவனிக்கத்தக்கது. கிராமத்தை அழிக்கும் வர்க்கமே அதன் அழிவுக்குப் பின்னர் கிராமத்தைப் போற்றிப் பாடுகின்றது. கிராமமும் நகரமும் பற்றி 1973இல் ரேமன்ட் வில்லியம்ஸ் எழுதிய நூல் ஆங்கில இலக்கியத்தில் இப்போக்கினைத் தலைமுறை தலைமுறையாகத் தடங்கண்டு காட்டுகின்றது. அவரது முடிவு அமெரிக்க இசைக்கும் பொருந்தும்.

3

தூய ஊற்று என ஒன்று இல்லையெனின், கன்ட்ரி இசை எங்கிருந்து வந்தது? அதன் இசைக்கருவிகளே இவ்வினாவுக்கு விடை பகரும்.

வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஸ்கொத்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்துக் குடியேறிகளோடு அதன் நடன மெட்டுக்களும் வந்தன. எனினும் தென் மாநிலங்களிலே பெருந்தோட்ட விருந்துகளுக்கு வயலின் வாசித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளான கறுப்பின மக்களே. ‘பான்ஜோ’ ஆபிரிக்க வழிவந்தது. மேற்கு ஆபிரிக்காவிலே சுரைக் குடுக்கையில் தோல் போர்த்துச் செய்யப்படும் நரம்புக் கருவிகளை ஒத்ததாக, கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அடிமைகள் அதனை ஆக்கிக்கொண்டனர். 1840களிலே முகத்திற் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் ‘மின்ஸ்ட்ரல்’ மேடைகளில் கறுப்பரைக் கேலி செய்தபோது அக்கருவியையும் கைப்பற்றிக்கொண்டனர். காலப்போக்கில் அதுவே வெள்ளை மலைவாசியின் சின்னமாயிற்று. பறித்தல், கேலி செய்தல், உரிமை கொண்டாடுதல், மறத்தல் என்னும் படிமுறை இதிலே தெளிவாகின்றது.

கிற்றார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தபால் மூலம் பொருள் விற்கும் சியர்ஸ் நிறுவனத்தின் விலைப்பட்டியல் வழியாகவே ஏழை வீடுகளைச் சென்றடைந்தது. உருக்குத் துண்டால் நரம்பை வழுக்கி வாசிக்கும் முறை ஹவாய்த் தீவினருடையது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பெருங்கண்காட்சிக்குப் பின்னரே அது அமெரிக்கா எங்கும் பரவிற்று. குரலை உடைத்து ஏற்றும் ‘யோடல்’ அல்ப்ஸ் மலைப் பாடகரிடமிருந்து நகர நாடக மேடைகள் வழியாக வந்தது. மேற்குப் பகுதி மாட்டிடையரின் உடையிலும் இசையிலும் மெக்சிக்கோ மக்களின் பங்கு கணிசமானது. மிகவும் தேசியமானது எனக் கூறப்படும் இவ்விசை, உலகச் சந்தையும் அடிமை வாணிபமும் குடிபெயர்வும் கொண்டுவந்து சேர்த்த கூறுகளால் ஆனது.

இக்கூறுகளை ஒன்றாக இணைத்தவர்கள் யார்? உள்நாட்டுப் போருக்குப் பின்னர் தென் மாநிலங்களிலே பருத்தி விலை வீழ்ச்சியாலும் கடன் முறையாலும் சிறு விவசாயிகள் நிலமிழந்தனர். வெள்ளையரும் கறுப்பருமாகப் பலர் குத்தகை வாரக்காரராயினர். வெள்ளையரில் ஒரு பகுதியினர் குடும்பத்தோடு கரோலைனா, ஜோர்ஜியா மாநிலங்களின் பருத்தியாலைக் கிராமங்களுக்குச் சென்றனர். அங்கு வீடும் கடையும் கம்பனிக்குச் சொந்தம். தேவாலயத்துக்கும் கம்பனியின் பணமே. பிள்ளைகளும் தறிகளுக்கிடையில் வேலை செய்தனர். வேறு சிலர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் புகையிரதப் பாதைகளுக்கும் சென்றனர். முதல் தலைமுறைக் கன்ட்ரி இசைக் கலைஞர் பலர் இச்சூழலிலிருந்தே தோன்றினர். ஆலைத் தொழிலாளரே இவ்விசையின் உருவாக்கத்தில் முதன்மையான பங்கு வகித்தனர் என்பதைப் பற்றிக் ஹியூபர் 2008இல் வெளியிட்ட நூலில் விரிவான சான்றுகளுடன் நிறுவியுள்ளார். தோட்டத்தை விட்டு ஆலைக்கு வந்தவனுக்கே தோட்டத்து வீடு பாடற்பொருளாகின்றது. கன்ட்ரி இசையின் கிராமம் பெரும்பாலும் ஆலையின் சாளரத்திலிருந்து திரும்பிப் பார்க்கப்பட்ட கிராமமாகும்.

4

1923ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அற்லாண்டா நகரிலே ஜோன் கார்ஸன் என்னும் வயலின் கலைஞரின் பாடலை ‘ஓக்கே’ நிறுவனத்துக்காக ரால்ப் பீர் பதிவு செய்தார். கார்ஸனின் குரல் பீருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. எனினும் பதிவை வற்புறுத்திய உள்ளூர்த் தளபாட வியாபாரி போல்க் புரொக்மன் ஐந்நூறு பிரதிகளை வாங்க முன்வந்தார். அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. கன்ட்ரி இசைத்தட்டு வணிகத்தின் தொடக்கம் இதுவே எனப் பொதுவாகக் கொள்வர். அன்று பதிவான பாடல், பழைய மரக்குடில் ஒன்றைப் பற்றியது. அது வாய்மொழிப் பாடலன்று. வில் ஹேஸ் என்னும் தொழின்முறைப் பாடலாசிரியர் 1871இல் மின்ஸ்ட்ரல் மேடைக்கென எழுதியது. அதிற் பேசுபவன் ஒரு முதிய முன்னாள் அடிமை. கறுப்பனின் குரலாக வெள்ளையர் ஒருவர் நகர மேடைக்கு எழுதிய பாடல், வெள்ளை ஆலைத் தொழிலாளி ஒருவரால் பாடப்பட்டு, தூய கிராமியத்தின் முதற் குரலாக விற்கப்பட்டது. தூய்மைவாதத்துக்கு இதனைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை.

இதே நிறுவனம் 1920இல் மேமி ஸ்மித்தின் புளூஸ் பாடலை வெளியிட்டுக் கறுப்பின மக்களிடையே பெரும் சந்தை உண்டெனக் கண்டுகொண்டது. விரைவில் இசைத்தட்டுக்கள் இரு வரிசைகளாகப் பிரிக்கப்பட்டன. கறுப்பருக்கு விற்பன ‘இன இசைத்தட்டுக்கள்’ எனவும், தெற்கத்திய வெள்ளையருக்கு விற்பன ‘ஹில்பில்லி’ எனவும் வழங்கப்பட்டன. பின்னைய பெயர் 1925இல் அல் ஹொப்கின்ஸ் என்பவரின் குழு நியூயோர்க்கில் பீரிடம் பதிவுக்குச் சென்றபோது வேடிக்கையாகச் சூட்டப்பட்டது. ஒரே ஊரில், ஒரே மெட்டுக்களை வாசித்த இரு அயலவர்கள் இரு வேறு விலைப்பட்டியல்களில் இடம்பெற்றனர். வயலின் வாசித்த கறுப்பினக் கலைஞர் பலரிடம் கம்பனிகள் புளூஸையே எதிர்பார்த்தன, ஆதலால் அவர்களது நடன மெட்டுக்கள் மிக அருகியே பதிவாயின. கார்ல் ஹாக்ஸ்ட்ரம் மில்லர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, தென் மாநிலங்களின் நிறவொதுக்கல் இசையைப் பிரித்த முறையை விளக்குகின்றது. கலைஞரின் திறனையோ விருப்பத்தையோ அப்பிரிவினை பிரதிபலிக்கவில்லை. பதிவு செய்யப்படாதது பின்னர் இல்லாததாகக் கருதப்பட்டது. விற்பனைப் பிரிவு இசைப் பிரிவாகி, இசைப் பிரிவு இனத்தின் இயல்பாக விளக்கப்பட்டது. கருத்துநிலை செயற்படும் முறைக்கு இது ஒரு பாடநூல் உதாரணம்.

1927ஆம் ஆண்டு ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் டென்னசி, வெர்ஜீனியா மாநில எல்லையில் உள்ள பிரிஸ்ரல் நகரில் விக்டர் நிறுவனத்துக்காகப் பீர் நடத்திய ஒலிப்பதிவுகள் புகழ்பெற்றவை. கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ரொஜர்ஸும் அங்கேயே முதலில் பதிவாயினர். பீர் விக்டர் நிறுவனத்திடம் பெருஞ் சம்பளத்தைக் கேட்கவில்லை. பாடல்களின் பதிப்புரிமையைத் தாம் வைத்துக்கொள்ளும் வசதியையே கேட்டுப் பெற்றார். எல்லோருக்கும் பொதுவான பழம்பாடலிலிருந்து உரிமைப் பணம் வராது. ஆகவே ‘புதிய’ பாடல்கள் தேவைப்பட்டன. புதிதாக எழுதியவையோ, உரிமை கோரத்தக்க அளவுக்கு மாற்றப்பட்ட பழையவையோ கொண்டுவரப்பட்டன. ஏ. பீ. கார்ட்டர் ஊரூராகச் சென்று பாடல் திரட்டினார். அவருடன் பல பயணங்களிற் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிற்றார்க் கலைஞர். சீமெந்து ஆலை விபத்தொன்றிலே கால் இழந்த தொழிலாளி அவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்ள, ரிடில் மெட்டுக்களை நினைவிற் கொண்டார். அவ்வாறு சேர்ந்த பாடல்கள் ஏ. பீ. கார்ட்டர் பெயரிலே பதிவாயின, ரிடிலின் பெயர் அவற்றில் இல்லை. பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையானதை மார்க்ஸ் மூலதனத்தின் ஆதிச் சேகரிப்பாக விளக்கினார். பாடல்களின் பொதுநிலமும் இவ்வாறே வேலியிடப்பட்டது.

வானொலியின் பங்கும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. நாஷ்வில் நகரின் டபிள்யூ. எஸ். எம். நிலையம் 1925இல் ஒரு காப்புறுதிக் கம்பனியாலே தொடங்கப்பட்டது. கோடிக்கணக்கானோரைக் காக்கிறோம் என்னும் அக்கம்பனியின் விளம்பர வாசகத்தின் முதலெழுத்துக்களே நிலையத்தின் பெயர். வாராந்தம் சில சதங்களைத் தவணையாக அறவிட்டு, தொழிலாளர் குடும்பங்களுக்குச் சிறு காப்புறுதி விற்பது அதன் தொழில். ‘கிராண்ட் ஓல் ஒப்ரி’ என்னும் சனிக்கிழமை நிகழ்ச்சி, முகவர்களுக்கு அவ்வீடுகளின் கதவைத் திறந்துவிட்டது. நிகழ்ச்சியை நடத்திய ஜோர்ஜ் ஹே, மேலங்கியும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்த கலைஞருக்குப் பட்டிக்காட்டு உடை அணிவித்தார். ஹம்பிரி பேட் ஒரு வைத்தியர். அவரது குழுவுக்குக் காட்டில் விலங்கு வேட்டையாடுவோர் எனப் பெயர் சூட்டப்பட்டது. அந்நிகழ்ச்சியின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவர் டிபோர்ட் பெய்லி என்னும் கறுப்பின ஹார்மோனிக்காக் கலைஞர். 1941இல் அவர் நீக்கப்பட்டார், பின்னர் நாஷ்வில் நகரிலே சப்பாத்துத் துடைத்து வாழ்ந்தார். 1982இல் மறைந்த அவருக்கு 2005ஆம் ஆண்டிலேயே கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது.

5

இவ்வளவும் கண்டபின், கன்ட்ரி இசை வணிகர் ஆக்கிய போலிதான் என முடிவு செய்வது இலகு. அம்முடிவு தவறானது. மக்கள் பாடலை அடையாளங் காட்டுவது அதன் பிறப்பிடமன்று, அதிகாரபூர்வச் சமுதாயத்தின் நோக்குக்கு மாறாக உலகையும் வாழ்வையும் அது காணும் முறையே என்று கிராம்சி தமது சிறைக் குறிப்புக்களில் எழுதினார். யாரோ எழுதி யாரோ விற்ற பாடலையும் மக்கள் தமதாக்கிக்கொள்கின்றனர். அவ்வாறு தமதாக்கியதன் சான்றுகள் கன்ட்ரி இசையிலே ஏராளம்.

வட கரோலைனாவின் கஸ்டோனியா நகரில் 1929 ஏப்ரலில் லோரே ஆலைத் தொழிலாளர் கம்யூனிஸ்டுகள் தலைமையிலான சங்கத்தின் கீழ் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்தின் பாடகி எல்லா மே விக்கின்ஸ். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரை நோய்க்குப் பறிகொடுத்த நூற்பாலைத் தொழிலாளி. தொழிலாளர் இசைத்தட்டிற் கேட்டுப் பழகிய ஹில்பில்லி மெட்டுக்களிலே ஆலை வாழ்வின் துன்பத்தையும் சங்கத்தின் தேவையையும் அவர் பாடலாக்கினார். கறுப்பினத் தொழிலாளரையும் சங்கத்திற் சேர்க்க வேண்டுமென வாதாடி வென்றார். 1929 செப்டெம்பர் 14ஆம் திகதி கூட்டமொன்றுக்குச் சென்ற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலை செய்யப்பட்டனர். அதே நகரின் ஆலைத் தொழிலாளியான டேவ் மக்கார்ன், ஆலைக் கூலியில் வாழ முடியாமையை எள்ளி நகையாடும் பாடலொன்றை 1930இல் விக்டர் நிறுவனத்துக்கே பாடிக் கொடுத்தார். கென்டக்கியின் ஹார்லன் சுரங்கப் பகுதியில் 1931இல் ஷெரிபின் ஆட்கள் வீட்டைச் சோதனையிட்டுச் சென்ற பின்னர், புளோரன்ஸ் ரீஸ் என்னும் பெண் நாட்காட்டித் தாளின் மறுபுறத்தில், பழைய மெட்டொன்றுக்கு ஒரு பாடல் எழுதினார். நீ எப்பக்கம் என்று கேட்கும் அப்பாடல் இன்றும் தொழிற்சங்கக் கூட்டங்களில் ஒலிக்கின்றது. சந்தை பறித்த மெட்டைப் போராட்டம் மீட்டுக்கொண்டது.

ஆனால் இவ்வுதாரணங்களை மட்டும் கோத்து, கன்ட்ரி இசை புரட்சிகரமானது எனக் காட்ட முனைவதும் ஒருவகைத் தூய்மைவாதமே. முதற்பதிவின் நாயகரான ஜோன் கார்ஸனையே மீண்டும் நோக்குவோம். 1913இல் அற்லாண்டாவின் பென்சில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பதின்மூன்று வயதுச் சிறுமி மேரி பேகன் கொல்லப்பட்டாள். அத்தொழிற்சாலையின் மேலாளரும் யூதருமான லியோ பிராங்க் மீது, நம்பத்தகாத சாட்சியத்தின் அடிப்படையில் குற்றம் சாட்டப்பட்டது. 1915 ஆகஸ்டில் வெறியர் கூட்டமொன்று அவரைத் தூக்கிலிட்டது. அவர்மீது பகையை மூட்டிய கதைப்பாடலை இயற்றிப் பாடியவர் கார்ஸனே. குழந்தை உழைப்பின் கொடுமையைத் தன் வீட்டிலேயே அறிந்த வர்க்கத்தின் கோபம் அப்பாடலில் உண்டு. அக்கோபம் ஆலை முறையை நோக்கித் திரும்பவில்லை, யூதர் ஒருவரின் கழுத்தை நோக்கித் திரும்பிற்று. நியாயமான துயரம் பொய்யான எதிரியைக் கண்டுபிடித்தது.

இதன் பொருளாதார அடிப்படை தெளிவானது. தெற்கின் பருத்தியாலைகளிலே நூற்றல், நெய்தல் வேலைகள் 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வரை ஏறத்தாழ முற்றாக வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. குறைந்த கூலி பெற்ற வெள்ளைத் தொழிலாளிக்கு, தான் கறுப்பன் அல்லன் என்னும் மதிப்பு மேலதிகமாகக் கொடுக்கப்பட்டது. இதனையே டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் 1935இல் எழுதிய நூலில் உளவியற் கூலி என விளக்கினார். கன்ட்ரி இசையின் அகமுரண்பாடு இக்கூலியின் முரண்பாடே. அதன் இசையிலே கறுப்பரும் வெள்ளையரும் கலந்துள்ளனர். அதன் சமூக நினைவிலே அக்கலப்பு மறுக்கப்படுகின்றது. புகையிரதத் தொழிலாளியான ஜிம்மி ரொஜர்ஸ், பாதை போடும் கறுப்பினத் தொழிலாளரிடையே வளர்ந்து அவர்களது புளூஸைத் தம் பாணியாக்கிக்கொண்டார். 1930இல் லூயி ஆம்ஸ்ட்ரோங்குடன் சேர்ந்தும் பதிவு செய்தார். ஹாங்க் வில்லியம்ஸுக்கு இளமையிற் கிற்றார் கற்பித்தவர் ரூபஸ் பெய்ன் என்னும் கறுப்பினத் தெருப்பாடகர். மாணவர் கன்ட்ரி இசையின் மாபெரும் பெயராக 1953இல் மறைந்தார். ஆசிரியரோ அதற்கு முன்னரே வறுமையில் இறந்துபோயிருந்தார்.

6

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்விசையின் மூலதனம் நாஷ்விலிலே திரண்டது. 1950களின் இறுதியில் செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி முதலிய தயாரிப்பாளர்கள் வயலினையும் உருக்குக் கிற்றாரையும் பின்தள்ளி, மென்மையான தந்தி வாத்தியக் குழுவையும் பின்னணிக் குரல்களையும் புகுத்தினர். இது ‘நாஷ்வில் ஒலி’ எனப்பட்டது. இலங்கையிலே ஆங்கிலப் பாடல் கேட்கும் மத்தியதர வர்க்கத்தினரிடையே பெருஞ் செல்வாக்குப் பெற்ற ஜிம் ரீவ்ஸ் இவ்வொலியின் சிறந்த பிரதிநிதி. ஆலையின் தூசியும் சுரங்கத்தின் கரியும் துடைத்தெடுக்கப்பட்ட பின்னரே கன்ட்ரி இசை நம் நாட்டு வரவேற்பறைகளுக்கு வந்து சேர்ந்தது. 1958இல் தொடங்கப்பட்ட கன்ட்ரி இசைச் சங்கம், இவ்விசையின் நேயர்கள் வாங்கும் ஆற்றலுள்ள நுகர்வோர் என விளம்பரதாரரை நம்பவைப்பதையே முக்கிய பணியாகக் கொண்டது. தொழிலாளி நுகர்வோனாகப் பெயர் மாற்றம் பெற்றான்.

அரசியலும் பின்தொடர்ந்தது. நிறவொதுக்கலின் தளபதியான ஜோர்ஜ் வொலஸ் தம் தேர்தல் மேடைகளிலே கன்ட்ரிக் கலைஞரைப் பயன்படுத்தினார். 1974 மார்ச்சில், வாட்டர்கேட் ஊழலால் நிலைகுலைந்திருந்த நிக்சன், ஒப்ரியின் புதிய அரங்கத் திறப்பு விழாவில் தோன்றிப் பியானோ வாசித்தார். மேர்ல் ஹகார்டின் வரலாறு இக்காலத்தின் முரண்பாட்டை நன்கு விளக்கும். ஒக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பத்தில், புகையிரதப் பெட்டியை வீடாக்கி வாழ்ந்த பெற்றோருக்கு 1937இல் பிறந்தவர் அவர். சிறை வாழ்வையும் அறிந்தவர். 1969இல் அவர் பாடிய, போர் எதிர்ப்பு இளைஞரை இகழும் பாடல் வலதுசாரிகளின் கீதமாயிற்று. அடுத்ததாக, கறுப்பினப் பெண்ணொருத்தி மீது வெள்ளையன் கொண்ட காதலைப் பற்றிய பாடலை வெளியிட அவர் விரும்பினார். நிறுவனம் அதனைத் தடுத்து, போர் ஆதரவுப் பாடலொன்றை 1970இல் வெளியிட்டது. காதற் பாடல் 1972 வரை காத்திருக்க நேர்ந்தது. கன்ட்ரி இசை இயல்பிலேயே பிற்போக்கானது என்போர், எப்பாடல் வெளிவர வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் யார் என்று கேட்பதில்லை.

இவ்வினா பழையதாகிவிடவில்லை. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்னும் கறுப்பின இளைஞரின் பாடலை, கன்ட்ரிக் கூறுகள் போதாதெனக் கூறி, ‘பில்போர்ட்’ தன் கன்ட்ரி அட்டவணையிலிருந்து நீக்கிற்று. அப்பாடல் பொது அட்டவணையில் பத்தொன்பது வாரங்கள் முதலிடம் வகித்தது. 2024இல் பியோன்சே வெளியிட்ட கன்ட்ரி இசைத்தொகுப்பு 2025இல் கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தெரிவாயிற்று. அதிலே பான்ஜோ வாசித்த ரியானன் கிடன்ஸ், அக்கருவியின் ஆபிரிக்க வரலாற்றை மக்களுக்கு உணர்த்தப் பல்லாண்டு உழைத்தவர். மறுபுறம், 2023 ஆகஸ்டில் ஒலிவர் அந்தனி என்னும் வெர்ஜீனியப் பாடகர், குறைந்த கூலியையும் ஆட்சியாளரின் செல்வத்தையும் சாடிய பாடலொன்றாற் புகழ்பெற்றார். அதே பாடல் அரச உதவி பெறும் ஏழைகளையும் பழித்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் விவாதத்தில் அது ஒலிபரப்பப்பட்டபோது, தாம் பாடியது அம்மேடையில் நின்றவர்களைப் பற்றியே எனப் பாடகர் மறுத்துரைத்தார். மேல்நோக்கிய கோபமும் கீழ்நோக்கிய பழிப்பும் ஒரே பாடலில் வாழ்கின்றன. கார்ஸனுக்கும் இவருக்கும் இடையில் நூறாண்டுகள் கடந்தும் உளவியற் கூலி தொடர்ந்து வழங்கப்படுகின்றது.

7

ஒவ்வொரு தேசியக் கலாசாரத்தினுள்ளும் இரு கலாசாரங்கள் உள்ளன என்றார் லெனின். இக்கூற்றை நம்மிற் சிலர் பொறிமுறையாகப் பயன்படுத்தி, பாடல்களை முற்போக்குக் கூடையிலும் பிற்போக்குக் கூடையிலும் பிரித்துப் போடுவர். கன்ட்ரி இசையின் வரலாறு அதற்கு இடந்தருவதில்லை. இரு கலாசாரங்களும் ஒரே பாடகரிடத்தும், சில வேளைகளில் ஒரே பாடலிலும் மோதுகின்றன. அம்மோதலை இனங்காண்பதே விமரிசகரின் பணி. கன்ட்ரி இசை எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு, மலையிலிருந்தா சந்தையிலிருந்தா என்று விடை தேடுவது பயன்தராது. நிலமிழந்து கூலியாளரான மக்கள், தம்மைப் பிரித்துவைத்த ஒரு சமூக அமைப்பினுள், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று, இயந்திரங்களின் துணையோடும் முதலாளிகளின் கட்டுப்பாட்டுக்குள்ளும் ஆக்கிக்கொண்ட இசை அது.

இதிலிருந்து பெறப்படும் ஆய்வுமுறை வேறிடங்களுக்கும் உதவும். நாட்டார் பாடற்றொகுதி எதனை எடுத்துக்கொண்டாலும், பாடல்களின் தொன்மையை வியப்பதற்கு முன்னர் சில வினாக்களைக் கேட்டாக வேண்டும். பாடியவர் எவ்வேலை செய்தார்? திரட்டியவர் எதனைத் தேடிச் சென்றார்? எவற்றைக் கேட்டும் எழுதாது விட்டார்? யாருடைய பெயர் அட்டையில் உள்ளது, யாருடைய பெயர் இல்லை? உரிமைப் பணம் யாரைச் சென்றடைந்தது? இவ்வினாக்களுக்கு விடை காணும்போது லெஸ்லி ரிடில், டிபோர்ட் பெய்லி, ரூபஸ் பெய்ன், எல்லா மே விக்கின்ஸ் போன்றோர் வரலாற்றின் அடிக்குறிப்புக்களிலிருந்து அதன் நடுப்பகுதிக்கு வருவர். அவர்களை அங்கு அமர்த்தாத எந்த இசை வரலாறும் விலைப்பட்டியலின் விரிவுரையாகவே அமையும்.